முதலில் ஒரு பழுது வேலை

(மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலை, இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிடுகிறார்களோ என்றுதான் நினைத்தேன். சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று எனக்குக் காதால் சொல்லத் தெரியாது. டேப்பை வைத்து அளக்கச் சொன்னால் சொல்லிவிடுவேன். இதே மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்து மூன்று வருடம் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1915இல் தொடங்கிய பட்டறை அது. ரயில் பெட்டியில் நீங்கள் உட்கார்ந்த பலகை, சாய்ந்த பலகை, ஜன்னல் சட்டம் எல்லாம் ஒரு காலத்தில் மரம். அந்த மரத்தூளைச் சுவாசித்து வளர்ந்த நுரையீரல் இது. இடையில் இருமினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியால்தான் இந்த விஷயத்தில் இறங்கினேன். செம்பூரில் எங்களோடு இருக்கிறாள், பத்து வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்திருந்த யுகுலேலேயைப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, எனக்கும் ஒண்ணு" என்றாள். நான்கு நரம்பு உள்ள குட்டி கிட்டார் மாதிரி இருக்குமே, அதுதான். கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் இடதுகைக்காரி. "இடதுகைக்குன்னா தனியா ஆர்டர் கொடுத்துச் செய்யணும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். யாரிடம் ஆர்டர் கொடுப்பது, என்ன கேட்பார்கள், பென்ஷனில் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாராவியில் பிறந்தவன் நான். அப்பா திருநெல்வேலியிலிருந்து தோல்ஷாப்பு வேலைக்கு வந்தவர். தாராவியில் கிடைக்காத கைவேலையா? அங்கே மேஜை, அலமாரி, சாமி மண்டபம் எல்லாம் செய்யும் ஒரு தச்சரிடம் போனேன். நல்ல கை. படத்தைக் காட்டினேன், அளவு கொடுத்தேன். போதாக்குறைக்கு, "பிள்ளை விளையாடுற சாமான், கீழே போட்டாலும் உடையக் கூடாது, கெட்டியாப் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். அவர் சொன்னபடியே செய்தார். தேக்கு. முன்பலகை நாலு மில்லிமீட்டர் கனம். உள்ளே குறுக்குச் சட்டம் மூன்று. பார்க்க லட்சணமாக இருந்தது. நரம்பைத் தட்டினால் பக்கத்து அறைக்குக் கேட்கவில்லை. முன்பலகையை விரலால் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம்.

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. ரயில் பெட்டிக்குச் சொல்ல வேண்டியதை வாத்தியத்துக்குச் சொல்லிவிட்டேன். ரயில் பெட்டியில் மரம் ஆடக் கூடாது. வாத்தியத்தில் மரம் ஆடினால்தான் சத்தமே. நல்ல யுகுலேலேயின் முன்பலகை இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இன்னும் மெலிதாகவும் இழைப்பார்கள். நரம்பின் இழுவைக்கு உடையாமல், அதே சமயம் சின்ன அதிர்வுக்கும் அசைந்து கொடுக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு இழைத்தபின் கையை எடுப்பது என்பதுதான் அந்த வேலையில் வித்தை.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. அமெரிக்காவில் மார்ட்டின் என்று பெயர்பெற்ற கிட்டார் கம்பெனி இருக்கிறது. அவர்கள் 1907 வாக்கில் முதன்முதலாக யுகுலேலே செய்து பார்த்தபோது, கிட்டாருக்குப் போடுகிற மாதிரியே ஸ்ப்ரூஸ் பலகை போட்டு, உள்ளே சட்டமும் நிறையக் கொடுத்துச் செய்தார்கள். சத்தம் அமுங்கிப்போனது, யாருக்கும் பிடிக்கவில்லை. சில வருடம் கழித்து மஹோகனி மரத்தில், சட்டத்தைக் குறைத்து, லேசாகச் செய்தபிறகுதான் விற்றது. அவ்வளவு பெரிய கம்பெனியே செய்த தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சமாதானமாகவில்லை.

இந்த வாத்தியமே தச்சர்கள் உண்டாக்கியது. 1879 ஆகஸ்ட் 23ஆம் தேதி ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்துக்கு வந்தது. போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வந்த கப்பல். நம் ஆட்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்களே, அந்த மாதிரிதான். அதில் மரச்சாமான் செய்கிற மூன்று பேர் இருந்தார்கள்: மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட வேலை முடிந்ததும் ஹொனலூலுவில் கடை போட்டார்கள். அவர்கள் சொந்த ஊரில் மச்சேட்டே என்று ஒரு சின்ன நரம்பு வாத்தியம் இருந்தது. அதை ஹவாயில் வளர்கிற கோவா மரத்தில் செய்தார்கள். ராஜா கலாகௌவாவுக்கு அது பிடித்துப்போய் அரண்மனைக்குள்ளும் நுழைந்தது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் அரங்கில் வாசித்தபிறகு அமெரிக்கா முழுக்கப் பைத்தியமாகிவிட்டது. யுகுலேலே என்றால் அவர்கள் மொழியில் தத்துகிற தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம் சொல்கிறார்கள். வாசிப்பவரின் விரல் அப்படிக் குதிக்குமாம்.

வாத்தியத்தை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது நமக்கும் புதிதில்லை. வெள்ளைக்காரரின் பிடிலை பாலுசாமி தீட்சிதர் எடுத்து நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் இரட்டை நரம்புகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தகுந்தபடி வாத்தியத்தைச் செய்துகொள்வது ஆடம்பரம் இல்லை. ஆனால் ஸ்ரீநிவாஸுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அங்கேதான் பணம் வீணாகிறது.

என் பேத்தி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகைக்குத் தனியாகச் செய்யத் தேவையே இல்லை! இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீணையில் மேரு என்கிறோமே, கழுத்தின் தலைப்பில் நரம்பு ஏறி இறங்குகிற இடம், யுகுலேலேயிலும் அது உண்டு. அதில் நாலு சின்ன வெட்டு. பெரும்பாலான யுகுலேலேக்களில், முன்பலகை மேல் நரம்பைத் தாங்குகிற குதிரை நேராகத்தான் இருக்கும், உள்சட்டமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். நரம்பின் வரிசையைத் திருப்பி மாட்டி, அந்த வெட்டுகளை அரத்தால் கொஞ்சம் சரிசெய்தால் அல்லது மேருவை மட்டும் மாற்றினால் இடதுகை வாத்தியம் தயார். அரை மணி நேர வேலை. தேக்குப் பெட்டிக்கு நான் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, நிஜமாகவே ஆர்டர் கொடுத்துச் செய்ய ஒரு நாள் வரும். பிள்ளை இரண்டு வருடம் வாசித்துவிட்டது, கடை வாத்தியம் போதவில்லை, கைக்குக் கழுத்து அகலமாக இருக்கிறது, சத்தம் இன்னும் வேண்டும் என்கிறது. அப்போது யாரிடம் போவது?

இதற்கு எனக்கு வழி காட்டியது யுகுலேலேக்காரர்கள் இல்லை, மிருதங்கக்காரர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ வீடுகளில் பையன்கள் மிருதங்கம் கற்கிறார்கள். அந்த வீட்டு அம்மாக்களைக் கேளுங்கள். மிருதங்கம் வாங்கியது ஒரு நாள். அதற்குப் பிறகு தோல் மூட்டு கிழிந்தது, வார் தளர்ந்தது, வலந்தலையில் கருப்பாக ஒட்டிய சாதம் உதிர்ந்தது, மழைக்காலத்தில் சுருதி இறங்கியது என்று வருடா வருடம் செய்தவரிடம் போய்க்கொண்டே இருப்பார்கள். பலாமரக் கட்டை மூன்று தலைமுறை இருக்கும், தோல் இருக்காது. அதனால் மிருதங்கம் வாங்குகிற குடும்பம் கட்டையைப் பார்த்து வாங்குவதில்லை, ஆளைப் பார்த்து வாங்குகிறது. கூப்பிட்டால் வருவாரா, கச்சேரிக்கு முந்தின நாள் ராத்திரி மூட்டு மாற்றித் தருவாரா என்றுதான் பார்க்கும்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்குத் தஞ்சாவூர் பர்லாந்து செய்து கொடுத்த மிருதங்கங்களைப் பற்றிச் சங்கீதக்காரர்கள் பேசுவார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வாசித்தவர் பெயர் பத்திரிகையில் வரும், மூட்டு அடித்தவர் பெயர் வராது. அந்தக் குறையை அந்தப் புத்தகம் கொஞ்சம் தீர்த்தது. தோல் பதனிட்டவர் பிள்ளை என்கிற முறையில் எனக்கு அதில் தனிச் சந்தோஷம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2015இல் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்தபிறகு தாராவித் தோல் தொழில் ரொம்பவே ஆட்டம் கண்டது. வாத்தியத்தின் விலை ஏறும்போது செய்பவர் ஏமாற்றுகிறார் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்.

நரம்பு வாத்தியத்துக்கும் இந்த மிருதங்கப் புத்தி பொருந்தும். யுகுலேலேக்குத் தோல் இல்லை, ஆனால் மும்பையில் அதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை இருக்கிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஜூலையில் ஊதிய பலகையை நவம்பரில் ஏசி ரூமில் மாட்டி வைத்தால் வெடிப்பு விடலாம், குதிரை எழும்பலாம், கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டின் முனை பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கீறலாம். அப்போது வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்? வெளிநாட்டில் இன்டர்நெட் வழியாக ஆர்டர் கொடுத்து, அழகான போட்டோ பார்த்து வாங்கியிருந்தால், அனுப்புகிற செலவே பாதி விலை ஆகிவிடும்.

அதனால் நான் சொல்கிற வழி இதுதான். புது வாத்தியத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் ஒரு பழுது வேலை கொடுங்கள். பழைய யுகுலேலேயோ, உறவினர் வீட்டுப் பரணில் கிடக்கும் கிட்டாரோ, ஏதாவது ஒன்று. மேருவை இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், மெட்டு முனையைச் சீவச் சொல்லுங்கள். நூறு இருநூறு ரூபாயோடு முடிகிற வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. சொன்ன நாளில் கொடுக்கிறாரா, சின்ன வேலை என்று முகம் சுளிக்கிறாரா, கழற்றியதை உங்களிடம் காட்டுகிறாரா, "இது செய்ய வேண்டாம், செலவு தண்டம்" என்று ஒரு முறையாவது சொல்கிறாரா? அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்குள் போனால் நான் மூன்று விஷயத்தைப் பார்ப்பேன். முதலில் மரம் அடுக்கியிருக்கும் மூலை. பலகைக்குப் பலகை நடுவே சின்னச் சட்டம் வைத்துக் காற்றுப் போகிற மாதிரி அடுக்கியிருந்தால், மரம் காய வேண்டும் என்று தெரிந்தவர். தரையில் குவித்து பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்தால் வேறு இடம் பாருங்கள். அடுத்து, பாதியில் நிற்கும் வேலை. முடித்துப் பளபளவென்று மாட்டியிருப்பதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வார்னிஷ் எதையும் மறைக்கும். பின்பலகை ஒட்டாத வாத்தியத்தை உள்பக்கமாகப் பார்க்க வேண்டும். பசை வழிந்திருக்கிறதா, சட்டத்தின் முனை மெலிதாகச் சீவியிருக்கிறதா, பார்த்தால் தெரியும்.

மூன்றாவது பசை. எங்கள் காலத்துத் தச்சர்கள் வச்சிரம் காய்ச்சுவார்கள், நாறும், ஞாபகம் இருக்கும். பிறகு நம் மும்பைக் கம்பெனியின் ஃபெவிகால் வந்து வச்சிரப் பானையை மூடி வைத்தது. வச்சிரத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. சூடும் ஈரமும் காட்டினால் இணைப்பு விட்டுக்கொடுக்கும், பழுது பார்த்து மறுபடி ஒட்டலாம். மற்ற பசைகளை அப்படி எளிதில் பிரிக்க முடியாது. இன்றைக்கு நல்ல ஆட்கள் இரண்டுமே பயன்படுத்துகிறார்கள், அதில் குற்றமில்லை. "பத்து வருஷம் கழிச்சு இதை எப்படிப் பிரிப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் யோசித்து வைத்திருப்பவர் உடனே சொல்லுவார்.

இனி அளவு. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வீணையில் இருபத்து நான்கு மெட்டும் மெழுகில் நிற்கிறது. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். யுகுலேலேயில் மெட்டைக் கழுத்தில் வெட்டி அடித்து இறக்கிவிடுவார்கள். தப்பான இடத்தில் இறங்கினால் அந்த விரல்பலகையையே கழற்றி எறிய வேண்டியதுதான். வாத்தியத்தின் மற்ற குறைகளோடு வாழலாம், இதோடு வாழ முடியாது.

இதைச் சோதிக்க ஒரு நூல் போதும். மேருவிலிருந்து குதிரை வரைக்கும் நூலைப் பிடியுங்கள். கான்சர்ட் என்கிற நடு அளவு யுகுலேலேயில் அது சுமார் 38 சென்டிமீட்டர் வரும். நூலைப் பாதியாக மடித்து மேருவிலிருந்து வைத்தால் பன்னிரண்டாவது மெட்டில் வந்து நிற்க வேண்டும். மூன்றாக மடித்தால் ஏழாவது மெட்டு. நான்காக மடித்தால் ஐந்தாவது மெட்டு. ஏழும் ஐந்தும் மயிரிழை முன்பின் இருக்கும், அது கணக்கிலேயே உள்ள வித்தியாசம். குதிரையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி இருக்கலாம். நரம்பை அழுத்தும்போது சுருதி ஏறுவதை ஈடுகட்ட வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். ஏழாவது மெட்டு கால் அங்குலம் விலகி நின்றால் அது வேண்டுமென்றே வைத்தது இல்லை. நான் அந்தத் தேக்குப் பெட்டியை இப்படி அளந்தேன். முடிவைச் சொல்ல விரும்பவில்லை.

செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்பீர்கள். சிப்பி பதிப்பு வேண்டாம். பெயர் பொறிக்க வேண்டாம். கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டாம். எண்ணெய் தேய்த்தால் போதும், முன்பலகைக்கும் சுமை குறைவு. கோவா மரம் வேண்டவே வேண்டாம். ஹவாய்க்காரர்களே மாமரத்தில் யுகுலேலே செய்கிறார்கள், நம்மிடம் இல்லாத மாமரமா? மிரஜில் சிதார், தம்புரா செய்பவர்கள் துன் மரம் எடுக்கிறார்கள், அதுவும் நல்ல மரம். ஈட்டி மரம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், பிள்ளை பின்னால் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகுமா என்று யோசியுங்கள். 2017இல் அந்த மர வகைக்கே உலக அளவில் கட்டுப்பாடு வந்து எல்லையில் காகிதம் கேட்டார்கள். செய்து முடித்த வாத்தியத்துக்கு 2019 கடைசியில் விலக்கு வந்துவிட்டது, ஆனால் விதிகள் மாறும். முழுப் பலகைக்குப் பணம் போதாவிட்டால் முன்பலகையை மட்டும் முழு மரமாகப் போட்டு, பக்கமும் பின்னும் பிளைவுட்டாகச் செய்யலாம். மும்பை ஈரத்துக்குப் பிளைவுட் ஒன்றும் மட்டம் இல்லை. முழு மரத்தின் சத்தம் கூடுதல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள், கூலி. வேலையைக் குறைத்துப் பேரம் பேசுங்கள், கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். கூலி குறைந்தால் அவர் நேரத்தைக் குறைப்பார், நேரம் குறைந்தால் முன்பலகை கனமாகவே நின்றுவிடும். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, உடம்பு ஒட்டி முடித்ததை நேரில் பார்த்தபின் ஒரு பங்கு, நரம்பு கட்டி நூல் வைத்துப் பார்த்தபின் மீதி. நீளம், மேருவில் கழுத்தின் அகலம், மரம், நாள் எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்புக்கும் இது நல்லது.

மிரஜைச் சொன்னேன். மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். அங்கே சிதார் செய்கிற தெருவே இருக்கிறது. 2024இல் மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இலேயே கிடைத்தது. யுகுலேலே அவர்கள் வழக்கமான வேலை இல்லை. ஆனால் மெலிந்த பலகையை இழைக்கத் தெரிந்த கை அங்கே உண்டு. அளவை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். அதைவிட இங்கேயே கிட்டார் பழுது பார்ப்பவர்களில் ஒருவர் சொந்தமாகச் செய்யத் தொடங்கியிருந்தால் எனக்கு அவர்தான் முதல். பழுதாகி வந்த நூறு வாத்தியத்தைத் திறந்து பார்த்தவருக்கு, எங்கே விரிசல் விடும் என்று புத்தகம் படிக்காமல் தெரியும்.

தாராவி நண்பர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துப் பட்டறைகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெட்டி செய்து கொடுத்த அதே தச்சரிடம் திரும்பிப் போனேன். கடையில் விற்கிற யுகுலேலே ஒன்றை உடைத்து உள்ளே காட்டினேன். அதுவரை உள்ளே பார்த்ததே இல்லை என்றார். முன்பலகையை விரலில் வைத்து வளைத்துப் பார்த்து, "இவ்வளவுதானா அண்ணாச்சி" என்றார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து மாமரத்தில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். தாராவி மறுசீரமைப்பில் அவர் பட்டறை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. அதனால் கடை முகவரியை வாங்காமல் வீட்டு போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். மழை முழுசாக விட்டபிறகுதான் ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே சொன்னது. பேத்தி அதுவரை, நரம்பைத் திருப்பி மாட்டிய கடை யுகுலேலேயில் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

பையில் நூலும் டேப்பும் இருக்கின்றன. வாத்தியம் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், மடித்துப் பார்த்துவிடலாம்.